கவிழ்ந்து கேட்ட படம்

ஏழு நாள். நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். அதில் ஒவ்வொரு மணியிலும் ஐம்பது நிமிடம் அப்பாவின் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். மீதிப் பத்து நிமிடம் சாப்பிட, கழிப்பறை போக, முதுகை நிமிர்த்த. தூங்கும்போதும் குப்புறத்தான். கண் டாக்டர் இதைச் சொல்லிவிட்டு, மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே இருந்த காற்றுக் குமிழி ஓடிப்போய் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டது.

"இடது கண்ணுக்குள்ள இது மாதிரி ஒரு குமிழி விட்டிருக்கேன். இது எப்பவும் மேல போகத்தான் பார்க்கும். விழித்திரை இருக்கறது கண்ணுக்குப் பின்னால. நீங்க குப்புறப் படுத்தாத்தான் பின்பக்கம் மேல்பக்கம் ஆகும், குமிழி போய்க் கிழிஞ்ச இடத்தை அழுத்திப் பிடிக்கும். நிமிர்ந்தீங்கன்னா நழுவிடும்."

"ஒட்டிக்கிட்டா பழையபடி தெரியுமா?" என்று அம்மா கேட்டாள்.

"கொஞ்சம் திரும்பும். எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது." டாக்டர் கோப்பைப் புரட்டினார். "நிழல் தெரிய ஆரம்பிச்சு மூணு நாள்னு சொல்லியிருக்கீங்க?"

"மூணு நாள்" என்றார் அப்பா.

"பார்த்தா மூணு நாள் மாதிரித் தெரியலையே" என்று டாக்டர் தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். அம்மா மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மகள் மட்டும் அதைக் கேட்டாள். கேட்டதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

அப்பா இரும்புக் குழாய் யார்டில் கிரேன் ஓட்டுபவர். இருபத்திரண்டு வருடம். ஆறு மாடி உயரத்தில், கண்ணாடிப் பெட்டி போன்ற ஒரு கேபினில் வேலை. யார்டில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. 'மேல்வீட்டுக்காரர்' என்பார்கள். கீழே நின்று அவருக்குக் கை காட்டுபவர் அம்மாவின் தம்பி. அவருக்குப் பெயர் 'கைகாட்டி'. மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது பாதிக்கு மேல் தெரியாது. கீழே நிற்கும் கை விரிந்தால் இறக்க வேண்டும், மடங்கினால் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் யோசிக்கக் கூடாது. பதினோரு வருடம் இரண்டு பேரும் அப்படித்தான் வேலை செய்தார்கள். இடையில் நிர்வாகம் ஆளுக்கொரு வயர்லெஸ் கொடுத்தது. ஒரே வாரத்தில் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "வீட்லதான் இவன் பேச்சைக் கேக்கறேன், அங்கயுமா?" என்றாராம் அப்பா.

மூன்று மாதம் முன்பு ஒரு கட்டுக் குழாய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இறங்கி, ஒரு லாரியின் முன்கூரையை நசுக்கியது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தான். விசாரணையில் அப்பா, "நான் பார்த்தப்போ கை விரிஞ்சிருந்துச்சு" என்றார். மாமாவிடம் மூன்று முறை கேட்டார்கள். முதல் முறை, "மடக்கினேன்" என்றார். இரண்டாம் முறை, "மடக்கினதா ஞாபகம்" என்றார். மூன்றாம் முறை, "தெரியலை" என்றார். அன்றிலிருந்து அவரை வாசல் கேட்டில் உட்கார வைத்து, லாரி எண்களை எழுதச் சொல்லியிருந்தார்கள். வரும் திங்கட்கிழமை அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால் கேட் வேலை நிலைக்கும், கை காட்டும் உரிம அட்டை ரத்தாகும். இனி எந்த யார்டிலும் அவர் கிரேனுக்குக் கீழே நிற்க முடியாது.

"போட்டுட்டுப் போறேன். யாருக்கு வேணும் வெயில்ல நிக்கற பொழப்பு" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டிருந்தார்.

வீட்டில் அம்மா இரண்டு பெஞ்சுகளை ஒரு சாண் இடைவெளி விட்டுச் சேர்த்துப் போட்டாள். பழைய துண்டுகளைச் சுருட்டி வளையமாகத் தைத்து அந்த இடைவெளிக்கு மேல் வைத்தாள். அப்பா முகத்தை அதில் பதித்துக் கவிழ்ந்தார். கீழே சிமெண்டுத் தரை. சூப்பை உறிஞ்சு குழலில் குடித்தார். அவித்த முட்டையை மகள் துண்டு துண்டாக்கிக் கீழிருந்து ஊட்டினாள்.

"எப்படி இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"முட்டையா, தரையா?"

"ரெண்டும்தான்."

"தரைக்கு உப்பு கம்மி."

முதல் நாள் இந்தச் சிரிப்போடு போயிற்று. இரண்டாம் நாள் மதியத்துக்குள் அப்பா பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார். வானம் முழுக்கப் பார்த்துப் பழகிய மனிதருக்கு ஒரு சாண் தரை. ரேடியோவை அணைக்கச் சொன்னார். போடச் சொன்னார். மறுபடியும் அணைக்கச் சொன்னார். "எந்திரிச்சா என்ன ஆயிரும், பார்த்துரலாமா?" என்றார். அம்மா முகம் வெளுத்துப்போனாள்.

மாலையில் கேட் வேலை முடித்து வந்த மாமா, "என்ன அத்தான், பூமியைத் தோண்டி எதையாவது எடுத்தாச்சா?" என்றார். தன் பங்குக்கு ஒரு சண்டைப் படம் கொண்டுவந்திருந்தார். "நீங்க பார்க்க வேண்டாம். நான் பார்த்துச் சொல்றேன். எப்பவும் அதானே நம்ம ஏற்பாடு?"

படம் ஓடியது. மாமா சொல்லத் தொடங்கினார்.

"நாலு பேர் வர்றானுங்க. ஒருத்தன் கையில கம்பி. இவன் குதிக்கிறான். அடிச்சான் பாரு… அது இவன் இல்ல, வேற ஒருத்தன். கார் வருது. கார் போச்சு. அய்யய்யோ, அந்தப் பொண்ணு… இரு, எந்தப் பொண்ணு இது?"

"யாரு அடிச்சான்டா?"

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு அத்தான். இப்ப வேற ஊர்ல இருக்கானுங்க."

"எப்படிப் போனாங்க?"

"நான் உங்ககிட்டச் சொல்லிட்டு இருந்தப்போ போயிட்டானுங்க."

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. "அணைச்சுடு. மண்டை வலிக்குது" என்றார்.

மகள் நூலகத்தில் படத்தட்டுகள் வாடகைக்குக் கொடுக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். மாமா அவளை 'லைப்ரரி' என்றுதான் கூப்பிடுவார். அங்கே கீழ்த்தட்டில் அவளுக்குப் பிடித்த படங்கள் கொஞ்சம் இருந்தன. மெல்லப் போகிற படங்கள். கதை என்று இரண்டு வரிக்கு மேல் சொல்ல முடியாது. ஒரு மனிதர் இருப்பார், அவர் வேலை இருக்கும், நாள் போகும். எடுத்துப் போகிறவர்கள் மறுநாளே கொண்டுவந்து, "இதுல கதை எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்பார்கள். நேருக்கு நேர் பதில் சொல்ல அவளுக்கு வராது. அதனால் ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு எழுதி ஒட்டினாள். 'முதல் இருபது நிமிடம் பொறுங்கள்.' 'தனியாகப் பாருங்கள்.' 'பசியோடு பார்க்க வேண்டாம்.' சீட்டுகளைப் படித்துவிட்டு யாராவது எடுத்தால் அவளுக்கு அன்று முழுக்க ஒரு சந்தோஷம்.

மாமா சொன்ன சண்டைப் படம் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வாய் சொல்லி முடிப்பதற்குள் படம் தாண்டிப் போய்விடுகிறது. அப்படியானால் வாய்க்குக் காத்திருக்கிற படம் வேண்டும். அவளுக்கு அது சாதாரணக் கணக்காகத்தான் தோன்றியது. மூன்றாம் நாள் காலை கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள்.

"என்னது?" என்றார் அப்பா.

"ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை செய்யற பொம்பளை. படுக்கை விரிப்புத் துவைக்கிறா, காய வைக்கிறா, மடிக்கிறா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்பா."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி பதினோரு நிமிஷம்."

அப்பா பெஞ்சின் காலை இரண்டு தட்டுத் தட்டினார். "போடு. தரையை விடவா மோசமா இருக்கப்போகுது?"

வேற்று மொழிப் படம். ஆனால் பேச்சு என்று மொத்தமாக ஐம்பது வரி இருந்தால் அதிகம். அதைத் திரையின் அடியில் வரும் எழுத்திலிருந்து அவளே வாசித்துச் சொன்னாள். மற்றதைப் பார்த்துச் சொன்னாள். ஆரம்பத்தில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டில் அவ்வளவு நேரம் அவள் தொடர்ந்து பேசியதே இல்லை.

"ஈர விரிப்பைத் தொட்டியிலேர்ந்து தூக்கறா."

"எங்க பிடிச்சுத் தூக்கறா?"

"நடுவுல."

"நடுவுலயா? ரெண்டு பக்கமும் தொங்குமே. எந்தப் பக்கம் அதிகமாத் தொங்குது?"

அவள் திரையை நெருங்கிப் போய்ப் பார்த்தாள். "இடது பக்கம்."

"அப்ப அவளுக்கு இடது கைப் பழக்கம். பாரு."

பார்த்தாள். அந்தப் பெண் கிளிப்பை இடது கையால் எடுத்தாள். கதவை இடது கையால் திறந்தாள். இந்தப் படத்தை மகள் நான்கு முறை பார்த்திருந்தாள். உறையில் சீட்டு எழுதியிருந்தாள். இது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

"ஆமாப்பா" என்றாள். குரல் மெல்ல வந்தது.

அன்றிலிருந்து அதுவே வேலை. ஐம்பது நிமிடம் படம், பத்து நிமிடம் ஓய்வு. படம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. அப்பா விடமாட்டார். ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எதில் விழுகிறது, கொடி தொய்ந்திருக்கிறதா, விரிப்பு ஆடுவதைப் பார்த்தால் காற்று எங்கிருந்து. ஒரு இடத்தில் அந்தப் பெண் வாசல் பக்கம் திரும்பி நிற்பாள். கிட்டத்தட்ட இரண்டு நிமிடம்.

"முகத்தைச் சொல்லு."

"முகத்துல ஒண்ணும் இல்லைப்பா."

"ஒண்ணும் இல்லாம ஒரு முகம் இருக்குமா? வாய் மூடியிருக்கா, திறந்திருக்கா?"

"மூடியிருக்கு. கீழுதடு மட்டும் கொஞ்சம் உள்ள போயிருக்கு."

"கண்ணு?"

"ஒரு தடவை இமைச்சா." அவள் காத்திருந்தாள். "இன்னும் இமைக்கலை. இன்னும் இல்லை. இப்ப இமைச்சா."

"யாருக்கோ காத்திருக்கா" என்றார் அப்பா, தரையிடம்.

அவர் சொன்னது சரி. அடுத்த காட்சியில் கூட வேலை செய்யும் தோழி வருவாள். மகளின் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்தபோது இப்படி இருந்தது. தோல் அங்கேயேதான் இருந்தது. அதற்குள் அவ்வளவு அறைகள் இருந்ததுதான் அதுவரை தெரியாது.

நான்காம் நாள் பலத்த காற்று. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அப்பா கவனித்தார். "தெற்கேர்ந்து வருது. இந்நேரம் கிரேனை நிறுத்திக் கட்டியிருப்பாங்க" என்றார். அரை மணி கழித்து அம்மா யாருக்கோ போன் போட்டுக் கேட்டாள். கட்டித்தான் இருந்தார்கள். அம்மா போனை வைத்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த கணவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முதுகில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

அன்று மாலை நூலக வேலைக்குப் போன மகள், அங்கேயே விட்டு வந்திருந்த அந்த வெற்று உறையைத் திறந்து பழைய சீட்டைக் கிழித்தாள். புதிதாக எழுதினாள்: 'திரையைப் பார்க்க முடியாத ஒருவருக்கு இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.' எழுதியபின் இது யாருக்குப் புரியும் என்று நினைத்தாள். இருந்தாலும் ஒட்டிவிட்டாள்.

இதற்கு நடுவே டாக்டர் சொன்ன அந்த வரி அவளை விடவில்லை. மூன்று நாள் மாதிரித் தெரியலை. அப்பா எதையும் ஒளிப்பவர் இல்லை. பல் வலித்தால் தெருவுக்கே சொல்வார். அவரிடம் எப்படிக் கேட்பது? முகம் தெரிந்தாலாவது கேட்கலாம். அவர் பின்மண்டையிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ஆறாம் நாள் சனிக்கிழமை. மாமா மதியமே வந்துவிட்டார். வந்ததும் கீழே உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என்ன லைப்ரரி, அந்தச் சலவைக்காரி இன்னும் துவைச்சு முடிக்கலையா?"

"நாலாவது தடவை ஓடுது மாமா."

"நாலு நாளா ஒரே விரிப்பு. அத்தான், உங்களுக்கு என்ன ஆச்சு? சண்டை இல்லாம சாப்பாடு இறங்காதே உங்களுக்கு."

"வாயை மூடிட்டுப் பாருடா. இப்ப முக்கியமான இடம்."

அது அந்தத் தோழி வேலைக்கு வராத நாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். படம் முழுக்க இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, முனை பிடித்து, உதறி, நெருங்கி, மடிப்பார்கள். இன்று இவள் தனி. ஆறு நிமிடம் அவள் ஒரே ஒரு விரிப்பைத் தனியாக மடிக்கப் பார்க்கிறாள்.

மகளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான்கு நாளாகப் பேசியதால் குரல் கரகரத்தது. மாமா, "நகரு, நான் சொல்றேன்" என்றார். அம்மா, "அய்யோ, மறுபடியுமா!" என்றாள்.

ஆனால் மாமா இந்த முறை அவசரப்படவில்லை. படம் அவரை அவசரப்படுத்தவில்லை.

"ஒரு முனையைக் கதவு இடுக்குல வெச்சு மூடறா. கதவு பிடிச்சுக்கிச்சு. எதிர் முனையைத் தூக்கிட்டுப் பின்னால வர்றா. வர்றா. வர்றா. நின்னுட்டா. நடுவு தரையில படப் போகுது. கொஞ்சம் தூக்கறா. இன்னும் கொஞ்சம். போதும். இப்ப இழுக்கறா. மெல்ல, மெல்ல… கதவு விட்டிருச்சு. விழுந்துருச்சு அத்தான்."

"தூசி பட்டுச்சா?"

"பார்க்கறா. பட்டிருக்கு. உதறறா. மறுபடி கதவுக்குப் போறா."

அந்தக் குரலில் இருந்த ஒழுங்கை மகள் அதுவரை கேட்டதில்லை. எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு. எப்போது சொல்ல வேண்டுமோ அப்போது. தற்செயலாகக் குனிந்தவள் பெஞ்சுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் கைகளைப் பார்த்தாள். அவை சும்மா இல்லை. மாமா 'தூக்கறா' என்றபோது வலது கை விரல்கள் அரை அங்குலம் பின்னால் போயின. 'மெல்ல' என்றபோது கட்டைவிரல் அங்கே இல்லாத ஒரு லீவரைத் தாங்கிப் பிடித்தது. 'போதும்' என்றதும் பத்து விரலும் ஒன்றாக நின்றன. ஒரு நொடிகூடப் பிந்தவில்லை. பதினோரு வருடம் இவர்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே குரலுக்குப் பதில் கை. வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

"மடிச்சுட்டா" என்றார் மாமா. "முனையெல்லாம் சரியா இருக்கு. ரெண்டு பேர் மடிச்ச மாதிரியே இருக்கு. கொண்டுபோய் அடுக்குல வைக்கிறா. சூப்பர்வைசர் வர்றா. எண்ணறா. 'ரெண்டு பேரும் வந்தாச்சா?'ன்னு கேக்கறா. இவ தலையை ஆட்டறா. ஆமான்னு. சூப்பர்வைசர் போயிட்டா."

அவர் சிரித்தார். "நல்லவ அத்தான் இவ. கூட நிக்கறவளைக் காட்டிக் கொடுக்கலை பாருங்க."

அப்பாவின் தொங்கிய கைகள் பெஞ்சின் கால்களைப் பிடித்துக்கொண்டன.

"இந்த ஆளுக்கு நாலு நாளா என்ன பைத்தியம்னு நினைச்சேன். நல்லாத்தான் இருக்கு" என்று மாமா மகளிடம் சொன்னார். "இதுல ஒண்ணு எனக்கும் எடுத்து வை லைப்ரரி. கேட்ல உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் இந்த மாதிரிப் படம்தான் இனி சரிப்படும். திங்கட்கிழமைக்கு அப்புறம் நிறைய நேரம் இருக்கு."

"போடப்போறியாடா கையெழுத்து?" என்று அம்மா கேட்டாள்.

"பின்ன? நானே யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன்கா. கை மடங்கின மாதிரியும் இருக்கு, மடங்காத மாதிரியும் இருக்கு. கடைசியா என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்லாமப் போச்சு. இப்ப ரோட்ல பஸ்ஸை நிறுத்தக் கை காட்டக்கூட பயமா இருக்கு. அப்படிப்பட்டவன் கிரேனுக்குக் கீழ நிக்கலாமா? ஒருத்தன் தலை போயிருக்கும்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அத்தான் பொய் சொல்ற ஆள் இல்லை. விரிஞ்சிருந்துச்சுன்னா விரிஞ்சுதான் இருந்திருக்கும்."

"படத்தை நிறுத்து பாப்பா" என்றார் அப்பா.

நிறுத்தினாள். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஐம்பது நிமிஷம் ஆச்சுங்க. எந்திரிங்க. சூப் ஆறுது."

"இருக்கட்டும்."

"முதுகு பிடிச்சுக்கும். பத்து நிமிஷம் நிமிர்ந்து உட்காருங்க."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல. இப்படியே இருக்கேன். எந்திரிச்சா சொல்ல முடியாது."

அம்மா கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். என்ன வரப்போகிறது என்று மகளுக்குப் பாதி தெரிந்திருந்தது. அந்தப் பாதியே தாங்கவில்லை.

"மச்சான்" என்றார் அப்பா.

"சொல்லுங்க."

"கேபின்ல இடது பக்கம் ஒரு கம்பம் இருக்கு, தெரியுமில்ல?"

"ஏணி ஏறி நூறு தடவை பார்த்திருக்கேன். அதுக்கென்ன?"

"நீ லாரிக்கு அந்தப் பக்கம் நின்னா, கம்பம் என் வலது கண்ணை மறைச்சுரும். இடது கண்ணு ஒண்ணாலதான் உன்னைப் பார்க்கணும். பதினோரு வருஷமா அப்படித்தான் பார்க்கறேன்."

"சரி."

"டாக்டர்கிட்ட மூணு நாள்னு சொன்னேன்." அவர் மூச்சு தரையில் பட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது. "நாலு மாசம். நாலு மாசமா அந்தக் கண்ணு ஓரத்துல ஒரு நிழல். கீழ இறக்கி வெச்சுருவாங்கன்னு சொல்லலை. போயிரும், போயிரும்னு இருந்தேன். அன்னைக்கு முதல்ல உன் கை விரிஞ்சு இருந்ததைப் பார்த்தேன். அது நிஜம். அப்புறம் நீ ஒரு அடி நகர்ந்தே. அதுக்கு மேல நான் பார்த்தது கை இல்லை, நிழல். நிழலைப் பார்த்துக்கிட்டே இறக்கினேன்."

அம்மா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். அப்பா தொடர்ந்தார்.

"டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்த லாரிக்காரன் பின்னால நின்னு எல்லாத்தையும் பார்த்துட்டு இருந்தான். அன்னைக்குச் சாயங்காலமே என்கிட்ட வந்து சொல்லிட்டான். நான் அவனை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். நீ கையை மடக்கினே மச்சான். மடக்கி, தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, குழாய் விழற வரைக்கும் அப்படியே நின்னே."